இரண்டு வயது குறைத்து எழுதிய பிள்ளை

என் மகனுக்குப் பிறந்த வருடம் இரண்டு. எழுபத்தைந்து நான் பெற்றது. எழுபத்தேழு நான் எழுதிக் கொடுத்தது. நாளும் மாதமும் மாறவில்லை. பங்குனி மாதம், அத்த நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் கேட்பார், வருடத்தைக் கேட்கமாட்டார். அதனால் கோயிலில் மட்டும் எனக்குப் பொய் சொல்ல வேண்டி வந்ததில்லை.

மற்ற எல்லா இடத்திலும் சொன்னேன். பாஸ்போர்ட்டில் சொன்னேன், விசாவில் சொன்னேன், சிட்னியில் செவன் ஹில்ஸ் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், பல் வைத்தியரிடம்கூடச் சொன்னேன். ஒரு பொய்யைப் பெற்றுவிட்டால் பிறகு அதற்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் வயது குறைப்பது பெரிய அதிசயமில்லை. கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், பழைய பதிவுகள் எரிந்துபோயிருந்தன. சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் சத்தியம் செய்து ஒரு கடதாசி எடுத்தால், அதைக் காட்டிப் புதிதாகப் பதியலாம். ஆண்பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேர் அதை யோசித்திருப்பார்கள். மீசை அரும்பினால் போதும், ஒரு பக்கம் ஆமி பிடித்து விசாரிக்கும், மறுபக்கம் இயக்கம் வா என்று கூப்பிடும். நான் அதைச் செய்தது சண்டை நடந்துகொண்டிருந்தபோது அல்ல. சண்டை நின்றிருந்தபோது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு கல்யாணப் பேச்சுகளைத் தொடங்கிய நேரத்தில், நான் மழைக்கு முன்னமே கூரை வேய்கிறவள் என்று சொல்லிக்கொண்டு நீதவான் வீட்டுக்குப் போனேன். என் கணவர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. சத்தியத்தை நீரே செய்யும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில் ஒரு ஆசிரியை இருந்தார். அவருடைய மகனும் என் மகனும் ஒரே வகுப்பு, ஒரே வருடம் பிறந்தவர்கள். அவரிடமும் சொன்னேன், நீங்களும் செய்யுங்கள் என்று. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சண்டைதான் நின்றுவிட்டதே, பிறகு ஏன் பிள்ளையின் வயதோடு விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று வகுப்பில் சொல்லிவிட்டு வீட்டில் எப்படி எழுதுவது என்றும் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், நின்றிருந்த சண்டை திரும்பத் தொடங்கியது. ஒரு கிழமைக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ன் கிளென் வேவர்லியில் இருந்த என் தம்பி எங்களுக்கு விசாவுக்கு எழுதியிருந்தான்; கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் மிச்சத்தைப் பார்க்கலாம் என்றான். கொஞ்சத் தூரம் லொறி, கொஞ்சத் தூரம் நடை, பிறகு பஸ். ஆசிரியையும் மகனும் எங்களோடுதான் வந்தார்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் ஏறி ஒவ்வொரு கடதாசியாகப் பார்த்தான். என் மகனுடையதைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், திரும்பக் கடதாசியைப் பார்த்தான். பதின்மூன்று என்று விரலால் காட்டினேன். கடதாசியைத் திருப்பித் தந்தான். இரண்டு இருக்கை முன்னால் இருந்த ஆசிரியையின் மகனைப் பார்த்து இறங்கு என்றான். அவனுடைய கடதாசியில் எழுபத்தைந்து என்று இருந்தது. தாயும் கூடவே இறங்கினார். பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிறகு அவர்கள் இருவரையும் நான் காணவில்லை. எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

என் மகன் அந்தப் பஸ்ஸிலும் பேசவில்லை, பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மெல்பேர்னில் தம்பி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, கணவருக்கு வேலை கிடைத்ததால் சிட்னிக்கு வந்து செவன் ஹில்ஸில் வீடு எடுத்தோம். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள், இந்தப் பக்கம் வீடுகள். மகனைப் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு விட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் குரல்கூட உடையவில்லை, இவனுக்குக் கிருதா வந்துவிட்டது. கிரிக்கெட்டில் இவன் போட்ட பந்துக்கு எதிரே நிற்கப் பிள்ளைகள் பயந்தார்கள். பதின்மூன்று வயதில் இப்படி ஒரு வேகப்பந்து வீச்சாளனைப் பார்த்ததில்லை என்று விளையாட்டு ஆசிரியர் வீடு தேடி வந்து சொன்னார். எங்கள் பரம்பரையில் பிள்ளைகள் கெதியாக வளர்வார்கள் என்று என் கணவர் முகம் மாறாமல் சொன்னார். அவர் ஐந்தடி நான்கங்குலம். அந்த மனுசன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

பிறந்தநாளுக்குக் கேக்கில் மெழுகுதிரி வைக்கும்போது கணக்குக்கு இரண்டு குறைத்துத்தான் வைப்பேன். ஜன்னல் வழியாக யாராவது பார்த்து எண்ணிவிடுவார்களோ என்று ஒரு பயம். மிச்சம் இரண்டும் குசினியில் இழுக்கிற லாச்சிக்குள் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் இரண்டு இரண்டாகச் சேர்ந்தன.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு பிறந்ததும் சிட்னியைச் சுற்றிக் காடுகள் எரிந்தன. நாங்கள் இருந்த இடத்தில் நெருப்பு இல்லை, ஆனால் வானம் பகலிலேயே சிவந்து, உடுப்புக் கொடியில் சாம்பல் விழுந்தது. மகனும் பள்ளிக்கூடப் பெடியள் சிலரும், வீடு விட்டு வந்த ஆட்களைத் தங்கவைத்திருந்த ஒரு மண்டபத்துக்கு உதவிக்குப் போனார்கள். அங்கே ஆமிக்காரர் லொறியில் தண்ணீர்ப் பெட்டி கொண்டுவந்து இறக்கினார்கள். இவனும் சேர்ந்து இறக்கினான். வீட்டுக்கு வந்து, சாம்பல் படிந்த தலையோடு குசினிக் கதிரையில் உட்கார்ந்து சொன்னான்: "அம்மா, ஒரு ஆமிக்காரன் எனக்குத் தாங்க்யூ சொன்னவன்."

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தலையைக் கழுவு என்று சொன்னேன். அது அவனுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது ஐந்து மாதம் கழித்து அவன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஆமி ரிசேவ். படித்துக்கொண்டே மாலையிலும் சனி ஞாயிறிலும் போய்ப் பயிற்சி எடுக்கலாமாம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தாய் தகப்பன் ஒப்பம் வேண்டும். பெற்றோர் என்று போட்ட இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டிருந்தான்.

படிவத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு ஆமியிடமிருந்து இவனை மறைக்க எடுத்த சத்தியக் கடதாசியால் இப்போது இன்னொரு ஆமிக்கு இவனைக் கொடுக்கிற பேனை என் கைக்கு வந்திருக்கிறது. கணவரைப் பார்த்தேன். அவர் அன்றைக்குச் சைக்கிளைப் பிடித்த மாதிரி இன்றைக்கு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீரே யோசித்துச் செய்யும் என்றார். இந்த மனுசன் எந்த வாசலுக்கு உள்ளேதான் வருவார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த நாட்களில் ரெலிவிஷனைத் திறந்தால் கொரியா. வடக்கில் அணுகுண்டு செய்கிறார்கள், அமெரிக்கா விடாது, பழைய சண்டை திரும்பத் தொடங்கலாம் என்று ஒவ்வொரு செய்தியிலும் சொன்னார்கள். நிறுத்தி வைத்த சண்டை ஒன்று எப்படித் தொடங்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: அது தொடங்கினால் இந்த நாடு போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் ஒப்பம் இல்லை. தேவையில்லை என்றால் யோசிப்பேன். மகனிடமும் அப்படியே சொன்னேன். அவன் சரி என்றான்.

அதைக் கேட்க எனக்கு ஒரு ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். மனைவி இறந்து தனியாக இருந்த வெள்ளைக்காரர். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கியபோது, நான் எந்த வழியில் உனக்கு மாமன் என்று குழம்பினார். பிறகு அவரே மற்றவர்களிடம் என்னைத் தன் மருமகள் என்று அறிமுகம் செய்தார். நாங்கள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்தால் அவர் வைப்பார். நான் வடை சுட்டால் நாலு அவருக்குப் போகும். வெயில் காலத்திலும் தடித்த சொக்ஸ் போட்டிருப்பார். கொரியாச் சண்டைக்குப் போய்ப் பனியில் நின்று இரண்டு கால்விரல் போய்விட்டன என்று முன்பே சொல்லியிருந்தார்.

வடைத் தட்டோடு போய் அவருடைய பின்படியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் வடையை இரண்டாகப் பிய்த்து ஆறவிட்டார். பிறகு சொன்னார், அந்தச் சண்டை முடியவேயில்லை, நிறுத்தி மட்டும்தான் வைத்திருக்கிறார்கள் என்று. நிறுத்திய நேரத்திலேயே, படை அனுப்பிய பதினாறு நாடுகளும் சேர்ந்து, திரும்பவும் தாக்கினால் திரும்பவும் ஒன்றாக நின்று எதிர்ப்போம் என்று ஒப்பமிட்டுக் கொடுத்தார்களாம். அதில் எங்கள் நாடும் ஒன்று என்றார். எங்கள் என்றபோது கையால் என்னையும் சேர்த்துக் காட்டினார். நான் பிரஜாவுரிமை எடுத்தது அவருக்குத் தெரியும்.

அப்படியென்றால் கட்டாயமா என்று கேட்டேன். சட்டம் தெரிந்தவர்கள் அதை இப்படியும் அப்படியும் இழுப்பார்கள் என்றார். அது பழைய வாக்கு, இப்போதைய அரசாங்கம் மறுபடி யோசிக்கலாம், ரிசேவில் இருக்கிற பெடியன் முதல் கப்பலில் போக மாட்டான். ஆனால் கூப்பிட்டால் இந்த நாடு போகும் என்றார். தான் பிறந்த நாளிலிருந்து கூப்பிட்ட சண்டைக்குப் போகாமல் விட்டதைத் தான் பெரிதாகக் கண்டதில்லை என்றும் சொன்னார். எனக்காக வார்த்தையை மெல்லிசாக்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

பிறகு கேட்காமலே இன்னொன்று சொன்னார். தான் போனபோது வயது பத்தொன்பது. அந்த வயதில் எடுக்க மாட்டார்கள் என்பதால் ஒன்று கூட்டிச் சொன்னாராம். தாயிடம் சொல்லவில்லை. தாய்க்குத் தெரிந்து துறைமுகத்துக்கு ஓடி வந்தபோது இவர் கப்பலில் ஏற நின்றார். தாய் இவருடைய கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு நின்றாராம். அவர் வயதைக் கூட்டியவர், நான் வயதைக் குறைத்தவள். சொல்லிவிடலாமோ என்று வாய் வரைக்கும் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகனிடம் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கத்துவான், கதவை அடிப்பான் என்று எதிர்பார்த்து அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் சத்தம் போடவேயில்லை.

"அம்மா, எனக்குப் பத்தொன்பது வயசு," என்றான்.

நாலு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னதில்லை.

"ஓபீசில போய் நான் அதைச் சொல்லமாட்டன். சொன்னா உங்களுக்குத்தான் பிரச்சினை. பங்குனி வரைக்கும் பொறுக்கிறன், கடதாசிக்கும் பதினெட்டு வந்திடும்."

படிவத்தை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, கோப்பைகளைக் கழுவப் போனான். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் சத்தியக் கடதாசி எடுத்தபோதுகூட வரவில்லை. என்னை ஒரு சொல்லால் வெருட்டியிருக்கலாம். பிள்ளை அதைச் செய்யவில்லை. இப்படி ஒரு பிள்ளையை எந்த ஆமிக்கும் கொடுக்க மனம் வராது என்றும் நினைத்தேன், என்ன செய்வது.

அந்த ஒன்பது மாதமும் நான் கொரியாவை ஒரு உறவுக்காரர் வீட்டு வருத்தத்தைப் போல விசாரித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்த தொழிற்சாலையில் இடைவேளையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். பேச்சு நடந்தது, கொஞ்சம் தணிந்தது. நான் தணிந்ததை நம்பவில்லை. ஆனாலும் பங்குனி வந்தது. கேக்கில் பதினெட்டு மெழுகுதிரி வைத்தேன். அடுத்த நாள் காலை அவன் ரிசேவில் சேரப் பரமற்றாவுக்குப் புறப்பட்டபோது புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தது. பூட்டிவிட்டேன். போயிட்டு வாறன் என்றான். அடுத்த வீட்டு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து வருடம் ரிசேவில் இருந்தான். வெள்ளத்துக்கு மண்மூட்டை அடுக்கினான், காட்டுத்தீக்குப் போனான், எங்கோ பாலைவனத்தில் பயிற்சி என்று முகம் கறுத்து வந்தான். கடல் தாண்டிப் போகவில்லை. கல்யாணம் முடித்து, மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டான். அங்கிள் அதற்கு முந்தின வருடம் காலமானார். அவருடைய பெட்டியின் ஒரு பக்கத்தை என் மகன் சீருடையோடு பிடித்துக்கொண்டு போனான். அன்றைக்கு அழுததைப் போல நான் என் சொந்த மாமாவுக்கும் அழவில்லை.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை. நாங்கள் விட்டு வந்த சண்டை முடிந்துவிட்டது என்று ரெலிவிஷன் சொன்னது. எப்படி முடிந்தது என்பதைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் சமைக்கவில்லை, கணவர் சாப்பாடு கேட்கவில்லை. அடுத்த கிழமை அதே ரெலிவிஷனில், அந்தப் பழைய போர்நிறுத்தத்துக்குத் தாங்கள் இனிக் கட்டுப்பட மாட்டோம் என்று வட கொரியா சொன்னதாக வந்தது. மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் குடியேறியிருந்த மகன் எங்களைப் பார்க்க வந்திருந்தான். குழந்தை அவன் மடியில் நித்திரை.

பதினைந்து வருடத்துக்கு முன் அங்கிளிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடம் கேட்டேன். நீ விட்டுவிட்டாய்தானே, உன்னைக் கூப்பிட மாட்டார்கள்தானே என்று. அவன் எனக்குப் பொய் சொல்லவில்லை. இப்போதைக்கு இல்லை, ஆனால் மிகப் பெரிய போர் ஒன்று வந்தால் பதினெட்டிலிருந்து அறுபது வயதுவரை யாரையும் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றான். அறுபது என்றதும் எனக்கு மற்றது உறைத்தது. கடதாசியில் இவனுக்கு அறுபது ஆகும்போது உண்மையில் அறுபத்திரண்டு. ஒரு சண்டையிலிருந்து நான் மறைத்த இரண்டு வருடத்தை, மற்ற நுனியில் இன்னொரு சண்டைக்கு நானே கட்டிவிட்டிருக்கிறேன். அதைவிடப் பைத்தியக்காரத்தனமான கணக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். அந்தக் கிழமை என் புத்தி அந்த அளவில்தான் இருந்தது.

"நாளைக்கு என்னோட வா. போய் எழுதிக் குடுப்பம்," என்றேன். "நான்தான் பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன். இந்த வயசில என்னை என்ன செய்யப் போயினம்?"

என் கணவர் கதிரையை விட்டு எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் வாறன் என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை வாசலுக்கு உள்ளே வந்தார்.

மகன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"வேண்டாம் அம்மா. அந்த ரெண்டு வருசம் அப்பிடியே இருக்கட்டும்," என்றான். பிறகு, பஸ்ஸில் தொடங்காமல் விட்ட பேச்சைத் தொடங்குகிறவன் போல, மெல்லச் சொன்னான்: "அவன்ர அம்மா உண்மையை எழுதினவா."

நான் எழும்பி அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வயதுப் பிள்ளை, முப்பத்திரண்டோ எதுவோ, அப்படியே இருந்தான். இத்தனை வருடம் இவன் சுமந்ததை நான் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். பெற்றவளுக்கும் எல்லாம் தெரிவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் இரண்டு அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். முதலாவது என் மகனுக்கு. இரண்டாவது பெயரைச் சொன்னதும் ஐயர் தட்டைப் பிடித்துக்கொண்டு, நட்சத்திரம் என்ன அம்மா என்று கேட்டார். எனக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளை பிறந்த வருடம் மட்டும்தான் தெரியும்.